நாற்றின் வயதும் நெல்லின் மகசூலும்
அமராவதிப் பாசன விவசாயிகள் கவனத்திற்கு

திருப்பூர் மாவட்டத்தில் நெல் விளையும் பூமி அமராவதிப் பாசனப் பகுதியே. கல்லாபுரம், குமரலிங்கம், கொழுமம், மடத்துக்குளம், கணியூர் வட்டாரங்களில் நாற்று விட்டுவிட்டு வாய்க்கால் தண்ணீரை எதிர்பார்த்திருப்பது விவசாயிகளுக்குப் பழகிப்போன ஒன்று. பாம்பாறும் சின்னாறும் தேனாறும் பெருகி அணைக்கு நீர் வந்தால்தான் வாய்க்கால் திறக்கும். தண்ணீர் வந்துவிட்டாலோ நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. காலையில் ஊருக்குள் வரும் பனியன் கம்பெனி வேன்களில் பெண்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். இந்தத் தாமதத்தில் நாற்றங்காலிலேயே நாற்றுக்கு வயதாகிவிடுகிறது. பலரும் இதைப் பெரிதாக எண்ணுவதில்லை. "நாற்று நன்றாக வளர்ந்துதானே நிற்கிறது" என்பார்கள். மகசூல் குறைவது அங்கேதான் தொடங்குகிறது.

பயிரின் கணக்கு

பழைய சம்பா ரகங்களில் பல, பகல் நேரம் குறுகும் பருவம் வந்த பிறகே கதிர் கட்டும். நாற்று சற்று முதிர்ந்தாலும் அவை பொறுத்துக்கொள்ளும். இன்றைய குறுகிய கால ரகங்களான ஆடுதுறை 36, ஆடுதுறை 43, கோ 51 போன்றவை அப்படியல்ல. பகல் நீளத்தை இவை பொருட்படுத்துவதில்லை. விதைத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு, வயது வந்ததும் கதிர் உருவாக்கத் தொடங்கிவிடும்.

110 நாள் ரகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பூத்த பின் மணி முற்ற 30 நாள் ஆகும். கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து பூக்க ஏறக்குறைய 35 நாள். ஆகவே விதைத்த 45ஆம் நாள் வாக்கில் தண்டினுள் கதிர் உருவாகத் தொடங்குகிறது. பலன் தரும் தூர்கள் அதற்கு முன்பே கட்டிவிட வேண்டும்.

20 நாள் நாற்றை நட்டால் 45ஆம் நாளுக்கு 25 நாள் இருக்கிறது. வேர் அறுந்த அதிர்ச்சி நீங்கிப் பச்சை பிடிக்க ஒரு வாரம் போனாலும், தூர் கட்ட 18 நாள் மிஞ்சும். 35 நாள் நாற்றை நட்டால் மிஞ்சுவது மூன்றே நாள். முதிர்ந்த நாற்றில் கதிர் வெளிவருவது சில நாள் தள்ளிப்போகலாம். ஆனால் இழந்த இரண்டு வாரம் திரும்பக் கிடைக்காது. நட்ட மூன்று வாரத்துக்குள் தாய்த்தண்டில் மட்டும் நோஞ்சான் கதிர் ஒன்று எட்டிப் பார்க்கும்.

சரியான வயது

மாதத்துக்கு ஒரு வாரம் என்பது நினைவில் கொள்ள எளிய கணக்கு. குறுகிய கால ரகங்களுக்கு 18 முதல் 22 நாள், மத்திய கால ரகங்களுக்கு 25 முதல் 30 நாள், நீண்ட கால ரகங்களுக்கு 35 முதல் 40 நாள் வயதுள்ள நாற்று ஏற்றது. குத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாற்று வைத்து, 3 செ.மீ. ஆழத்துக்கு மேற்படாமல் மேலாக நட வேண்டும். ஆழ நட்டால் தூர் கட்டுவது தாமதமாகும். குறுகிய கால ரகத்துக்கு வளமான நிலத்தில் 20க்கு 10 செ.மீ., வளம் குறைந்த நிலத்தில் 15க்கு 10 செ.மீ. இடைவெளி போதும்.

பிடுங்கும்போது வேர் அறாமல் இருப்பதும் முக்கியம். களிமண் நாற்றங்காலில் வேர் அறும் தொல்லை இருந்தால், விதைத்த 10ஆம் நாள் சென்ட்டுக்கு ஜிப்சம் 4 கிலோவும் டி.ஏ.பி. 1 கிலோவும் இடலாம். பிடுங்கிய நாற்றை அன்றே நட்டுவிட வேண்டும். நடுமுன் அசோஸ்பைரில்லம் கரைசலில் வேரை 15 முதல் 30 நிமிடம் நனைப்பது நல்லது.

நாற்று முதிர்ந்துவிட்டால்

தண்ணீர் தாமதித்து நாற்று முதிர்ந்துவிட்டால், கொத்துக் கொத்தாக நட்டு ஈடுசெய்யப் பார்ப்பது வழக்கம். இது தவறு. கொத்தாக நட்டால் புதுத் தூர் கிளைக்க இடமிராது. புதுத் தூர்களே முறையான கதிரைத் தரும். முதிர்ந்த நாற்றையும் இரண்டு, மூன்றாகவே நட்டு, அடியுரத் தழைச்சத்தைப் பாதியளவு கூட்டி இட வேண்டும். ஏக்கருக்கு 48 கிலோ தழைச்சத்தை நான்கு பங்காக இடுபவர், அடியுரமாக 12 கிலோவுக்குப் பதில் 18 கிலோ, அதாவது யூரியா 26 கிலோவுக்குப் பதில் 39 கிலோ இடலாம். டி.ஏ.பி. இட்டிருந்தால் அதிலுள்ள தழைச்சத்தைக் கழித்துக்கொள்க. மேலுரங்களை வழக்கம்போல் இடலாம்.

நாற்றின் நுனியைக் கிள்ளி நட்டால் குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியல்கள் ஒழியும். ஆனால் பாக்டீரியா இலைக்கருகல் வரும் வயல்களில் கிள்ள வேண்டாம். காயத்தின் வழியே நோய் பரவும்.

முன்னேற்பாடு

ஏக்கருக்கு வேண்டிய 8 சென்ட் நாற்றங்காலை ஒரே நாளில் விதைக்காமல், இரண்டாகப் பிரித்து 10 நாள் இடைவெளியில் விதைக்கலாம். கிணறு உள்ளவர்கள் பக்கத்து வயல்காரர்களுடன் சேர்ந்து பொது நாற்றங்கால் அமைத்தால் செலவு பகிரப்படும். ஆள் பற்றாக்குறை கடுமையான ஊர்களில் நடவு இயந்திரம் உதவும். அதற்குப் பாய் நாற்றங்காலில் வளர்ந்த 14, 15 நாள் நாற்றே தேவை என்பதால் இயந்திரம் வரும் நாளை உறுதி செய்துகொண்டு பிறகு விதைக்க வேண்டும்.

குறுகிய கால ரகத்தின் நாற்று 35 நாளைத் தாண்டிவிட்டால், தண்ணீர் இன்னும் எத்தனை நாள் கிடைக்கும் என்று பாருங்கள். நாள் போதுமானால், அந்த நாற்றைக் கைவிட்டுச் சேற்று வயலில் முளைகட்டிய விதையை உருளை விதைப்பான் கொண்டு நேரடியாக விதைப்பதே மேல். விதை நெல்லின் விலையைப் பார்த்து முதிர்ந்த நாற்றை நட்டால், உழவு, உரம், கூலி அத்தனையும் சேர்ந்து நட்டமாகும்.

விதைத்த தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நாற்று எவ்வளவு உயரம் என்று பார்ப்பதை விட அதன் வயது எத்தனை நாள் என்று எண்ணுவதே பலன் தரும்.