நோயாளர் பதிவேடும் கணினியும்

நோயாளிக்கு என்ன மருந்து கொடுக்கப்பட்டது, எம்மருந்து ஒவ்வாது, எப்பொழுது மறுபடியும் வரவேண்டும் என்பனவற்றைப் பதிவேடு கொண்டே மருத்துவர் அறிகிறார். பதிவு பிழைபடின் கைதேர்ந்த மருத்துவரும் பிழை செய்ய நேரும். ஏட்டிலிருந்த இக்குறிப்புகள் இந்நாளில் கணினிக்கு மாறி வருகின்றன. இம்மாற்றத்தின் நன்மையையும் இடரையும் உணர, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முன்னாள் படைவீரர் நலத்துறை கண்ட அனுபவத்தை ஆராய்வோம்.

அத்துறை 1970-களின் பிற்பகுதியிலேயே தன் மருத்துவமனைகளில் கணினிப் பதிவைத் தொடங்கியது. மருத்துவர்களும் கணினி வல்லுநரும் கூடி உருவாக்கிய அம்முறை பின்னர் 'விஸ்டா' எனப் பெயர் பெற்றது. நோயாளியின் கைப்பட்டையிலும் மருந்திலும் உள்ள பார்கோடுகளை ஒப்பிட்ட பின்னரே மருந்து கொடுக்கும் வழக்கமும் 1990-களில் அங்கு ஏற்பட்டது. ஒருவர் மருந்தை மற்றொருவருக்குக் கொடுக்கும் தவற்றைத் தடுக்க இது துணை செய்தது.

நாளடைவில் விஸ்டா பழமையடைந்தது. படையில் இருந்தபோது எழுதிய குறிப்பும் ஓய்வுக்குப் பின் எழுதும் குறிப்பும் ஒரே பதிவாக அமைதல் நலமென்று கருதி, 2018 மே மாதத்தில் செர்னர் நிறுவனத்துடன் சுமார் 1,000 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்யப்பெற்றது. 2020 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகர மருத்துவமனையில் புதுமுறை நடைமுறைக்கு வந்தது.

அங்கு நேர்ந்ததைக் கவனிப்போம். பரிசோதனைக்கோ மறு சிகிச்சைக்கோ மருத்துவர் கணினியில் உத்தரவிடுவார். சேருமிடம் பொருந்தாத உத்தரவுகளைப் புதுமுறை ஒரு தனி வரிசையில் ஒதுக்கிவிட்டது; அனுப்பியவருக்கோ அறிவிப்பு எதுவுமில்லை. விலாசம் தவறிய கடிதம் தபால் நிலையத்தில் கிடக்க, எழுதியவர் அது போய்ச் சேர்ந்ததென்று நம்பியிருப்பதை ஒத்தது இது.

துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2022 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2020 அக்டோபர் முதல் 2021 ஜூன் வரை 11,000-க்கும் மேற்பட்ட உத்தரவுகள் இவ்வாறு தேங்கின. அதனால் நோயாளிகளுக்கு நேர்ந்த தீங்குகள் 149. அவற்றுள் இரண்டு பெருந்தீங்குகள். தற்கொலை அபாயமுடையவர் என்று அறியப்பட்ட வீடற்ற படைவீரர் ஒருவரை மீண்டும் அழைக்குமாறு மருத்துவர் இட்ட உத்தரவும் அவ்வரிசையில் சிக்கியது. அழைப்பு வரவில்லை, சில வாரங்களுக்குப் பின் அவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்து, உதவித் தொலைபேசியை நாடியமையால் காப்பாற்றப்பட்டார். இப்படியொரு வரிசை உண்டென்பதை நிறுவனம் துறைக்குத் தெரிவிக்கவில்லை என்பதும் அறிக்கையின் முடிவாகும். ஐந்து மருத்துவமனைகளில் புதுமுறை அமைந்திருந்த நிலையில், 2023 ஏப்ரலில் மேலும் விரிவாக்குவது நிறுத்தி வைக்கப்பட்டது.

இதனின்று நாம் கொள்ளவேண்டிய பாடங்கள் மூன்று. முதலாவது, அனுப்பிய உத்தரவு உரியவரை அடைந்ததா என்பது அனுப்பியவருக்குத் தெரிதல் வேண்டும். இரண்டாவது, தேங்கி நிற்பனவற்றை நாள்தோறும் பார்ப்பதற்கு ஒருவர் பொறுப்பேற்றல் வேண்டும். மூன்றாவது, ஓரிடத்தில் கண்ட குறையைத் தீர்த்த பின்னரே அடுத்த இடத்திற்குச் செல்லுதல் வேண்டும்.

நம் மாநிலத்திலும் கருவுற்ற தாய்மார்களின் விவரங்கள் 'பிக்மி' என்னும் கணினிப் பதிவில் ஏற்றப்படுகின்றன. இத்தகைய பதிவுகள் பெருகும் காலத்தில், மருத்துவர் கொடுக்கும் சீட்டுகளைப் பத்திரப்படுத்துவதும், ஒவ்வாத மருந்தை ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதும், குறித்த நாளில் அழைப்பு வராவிடில் தாமே சென்று கேட்பதும் ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும். இதனைக் கிராம சபைக் கூட்டங்களில் எடுத்துரைப்பது பஞ்சாயத்து உறுப்பினர்களால் எளிதில் இயலும்.