கடுகளவு உறுப்பும் கைத்திறனும்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் நகைக்கடைகள் பல உள்ளன. அறுந்த சங்கிலியைப் பொற்கொல்லர் ஒட்டுவதைக் கண்டதுண்டா? ஒட்டவேண்டிய இடத்தில் வெண்காரம் தடவி, பற்றாசு என்னும் உலோகத் துணுக்கை வைத்து, அது உருகும்வரை சூடேற்றுவார். மின்னணுக் கருவிகளின் உறுப்புகளும் இவ்வாறே மின்சுற்றுப் பலகையில் பற்றவைக்கப்படுகின்றன.

முன்பு, உறுப்புகளின் கம்பிக் கால்களைப் பலகையின் துளைகளில் நுழைத்துப் பற்றவைத்தனர். இன்றைய கைப்பேசியில் உள்ள பெரும்பாலான உறுப்புகளுக்குக் கம்பிக் கால்கள் இல்லை. அவை பலகையின் மேற்பரப்பிலேயே அமர்கின்றன. 0603 வகை மின்தடையின் நீளம் 1.6 மில்லிமீட்டர், அகலம் 0.8 மில்லிமீட்டர். தும்மினாலே பறந்துவிடும்! ஆகவே, புதிதாகப் பழகுவோர் 3.2 மில்லிமீட்டர் நீளமுள்ள 1206 வகையில் தொடங்குவது நன்று. கோலாலம்பூரில் மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற ஜாலான் பாசார் கடைகளில் இவற்றை விசாரிக்கலாம்.

செய்முறை எளிது. பலகையிலுள்ள இரு செப்புத் திட்டுகளிலும் இளக்கியைத் தடவுங்கள். வெண்காரத்தைப் போலவே இளக்கியும் உலோகத்தின்மேல் படிந்த ஆக்சைடை நீக்கும். ஒரு திட்டில் மட்டும் சிறிது பற்றாசை உருக்கி வையுங்கள். உறுப்பைச் சாமணத்தால் பிடித்து, அந்தப் பற்றாசை மீண்டும் உருக்கியவாறே திட்டின்மேல் நகர்த்துங்கள். சூட்டுக்கோலை எடுத்தபின், பற்றாசு இறுகும்வரை கையை அசைக்காதீர்கள். பிறகு மறுமுனையைப் பற்றவையுங்கள். அண்டைத் திட்டுகள் இணைந்துவிட்டால், செப்புப் பின்னலை வைத்துச் சூடேற்றுங்கள். மிகுதியான பற்றாசை அது உறிஞ்சிக்கொள்ளும்.

63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும், பழகுவதற்கு எளிது. ஆனால், காரீயம் நஞ்சு. எனவே, வேலை செய்யும் இடத்தில் உண்ணக்கூடாது. முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும். இளக்கியின் புகையைச் சுவாசிக்காதிருக்கச் சன்னலைத் திறந்துவையுங்கள். கண்ணாடி அணியுங்கள். ஆசிரியரின் மேற்பார்வை கட்டாயம் தேவை.

இக்கலையைக் கற்பதால் என்ன பயன்? பழுதடைந்த ஒரு சிறு மின்தேக்கிக்காக முழுக் கருவியையும் நாம் குப்பையில் எறிகிறோம். அதை மாற்றத் தெரிந்தவர் கையில் அக்கருவி மீண்டும் இயங்கும். முதல் பத்து உறுப்புகள் கோணலாகத்தான் அமரும். அதற்காகச் சோர்ந்துவிடாதீர்கள், பயன்படாத பழைய பலகை ஒன்றில் தொடர்ந்து பழகுங்கள். கை நடுக்கம் தானே குறையும்.