"மாமா, இன்ஸ்டாவை அழிச்சிடட்டுமா?"

சென்னை ஓஎம்ஆர் பக்கத்து ஐடி கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது என் தொழில். பீர் பாட்டிலோடு படம் போட்டால் வேலை கிடைக்காது என்று பெற்றோர்தான் பயப்படுகிறார்கள். நாங்கள் அதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஆளைக் கவிழ்ப்பவை வேறு.

பயோடேட்டாவில் மார்ச் வரை வேலை பார்த்ததாக இருக்கும். லிங்க்ட்இனில் முந்தைய நவம்பரோடு முடிந்திருக்கும். நாலு மாதம் சும்மா இருந்தது குற்றமே இல்லை, மறைத்தால்தான் சந்தேகம் வரும்.

இன்னொன்று, படத்தின் பின்னணி. ஒரு பையனுக்கு ஆஃபர் லெட்டர் தயாராகிக்கொண்டிருந்தது. அவன் பழைய அலுவலகத்தில் கேக் வெட்டிய படத்தைப் போட்டிருந்தான். பின்னால் இருந்த மானிட்டரில் வாடிக்கையாளர் பெயரோடு ஓர் எக்செல் ஷீட். பெரிதாக்கினால் தொகைகளைக்கூடப் படிக்கலாம். "நம்ம டேட்டாவும் நாளைக்கு இப்படித்தான் வெளியே போகும்" என்றார் மேனேஜர். ஆஃபர் நின்றது. பையனுக்குக் காரணம் சொல்லவில்லை. யாரும் சொல்வதும் இல்லை.

சொந்தப் பக்கத்தைத் துடைத்து வைப்பவர்கள், அடுத்தவர் பதிவுக்குக் கீழே சாதி சொல்லித் திட்டியதை மறந்துவிடுகிறார்கள். மூடிய குழுதானே என்ற தைரியமும் வேண்டாம். ஃபேஸ்புக் தனிக்குழு ஒன்றில் பகிர்ந்த ஆபாச, இனவெறி மீம்களுக்காக, 2017இல் ஹார்வர்டு குறைந்தது 10 பேருக்குக் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெற்றது.

அக்கா மகனுக்கு அமெரிக்காவில் எம்.எஸ். இடம் கிடைத்ததும் கேட்ட கேள்விதான் தலைப்பில் இருப்பது. வேண்டாம் என்றேன். விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தில், கடைசி 5 ஆண்டுகளில் பயன்படுத்திய கணக்குப் பெயர்களை 2019 முதலே கேட்கிறார்கள். இப்போது அழித்தாலும் எழுதித்தான் ஆகவேண்டும்; விட்டுவிட்டால் மறுப்பதற்கு அதுவே காரணமாகலாம். 2025 ஜூன் முதல், மாணவர் விசா கேட்பவர்கள் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கவும் வேண்டும். உட்கார்ந்து பட்டியல் போட்டோம். பிளஸ் ஒன்னில் கிரிக்கெட் சண்டைக்காகவே தொடங்கிய ட்விட்டர் கணக்கு ஒன்று வந்தது. பாஸ்வேர்டுகூட அவனுக்கு ஞாபகமில்லை. அதையும் எழுத வைத்தேன்.

லாக்இன் செய்யாத பிரவுசரில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். நண்பர்கள் டேக் செய்வது உங்கள் அனுமதியோடுதான் பக்கத்தில் வரவேண்டும் என்று செட்டிங்கை மாற்றுங்கள்.

அரசியல் எழுதலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. காரசாரமாக எழுதுபவர்களுக்கும் வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தமிழக அரசு வேலைக்குப் போகிறவர்கள் மட்டும், 1973ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகளை ஒருமுறை படித்துவிட்டு எழுதட்டும்.