புண் கட்டும் துணி

திருப்பூரை அடுத்த நெருப்பெரிச்சல் பகுதியில் பனியன் தைப்போர் பலர் வாழ்கின்றனர். தையல் ஊசி விரலிற் பாய்ந்தால், கையில் அகப்பட்ட கழிவுத் துணியைச் சுற்றிக்கொள்வாரும் உளர். அதுவும் பருத்தி, மருத்துவர் கட்டும் துணியும் பருத்தி. வேற்றுமை யாது?

செவிலியர் பயிற்சி பெறும் மாணவி ஒருத்தி, செயல்முறைப் பாடத்திற்காகப் புண் கட்டும் பொருள்களைத் திரட்டுகிறாள் என்க. செடியிற் பறித்த பஞ்சையும் மருத்துவப் பஞ்சையும் அவள் நீரில் இடுகிறாள். முன்னது மிதக்கிறது, பின்னது நீரை உறிஞ்சி அமிழ்கிறது. பருத்தி இழைமேல் படிந்த மெழுகே இதற்குக் காரணம். காரநீரில் வேகவைத்து அம்மெழுகைப் போக்கி, வெளுத்த பின்னரே பஞ்சு குருதியை உறிஞ்சும். இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் கட்டுத் துணிக்கும் இம்முறை உண்டு.

பனியன் துணியும் வெளுக்கப்படுவதே. ஆயினும், தரையிற் கிடந்த துண்டில் தூசும் எண்ணெயும் கிருமியும் சேர்ந்துவிடுகின்றன. கிருமியே புண்ணைக் கெடுக்கும் என்று காட்டியவர் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர். 1865-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த சிறுவனின் புண்ணை அவர் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியால் மூடினார். ஆறு வாரத்தில் எலும்பு கூடிற்று. இன்று அவ்வமிலத்தைப் புண்ணில் இடுவதில்லை. தூய்மை என்னும் கொள்கையோ நிலைத்துவிட்டது.

மாணவர்களே! குருதி பெருகினால் தூய துணியால் அழுத்துங்கள். கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, புண்ணை ஓடும் நீரில் அலம்புங்கள். காப்பித்தூளை அப்பாதீர்கள். ஊசி ஆழப் பாய்ந்திருந்தால், இரணசன்னித் தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேளுங்கள். சிறு புண்ணாயினும் தூய்மை வேண்டும்.