கல்விக் கணக்கும் சமூக நீதியும்

எலவனாசூர்கோட்டை அர்த்தநாரீசுவரர் கோயிற் சுவர்களிலே சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள. பொதுக் கணக்கைப் பலர் கூடும் இடத்திற் பொறித்து வைத்தல் நம் முன்னோர் கண்ட நல்வழி. ஆயினும், 1947-ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டத்துக்கு முன் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றுள் ஒரு சாரார் புகுதலே கூடாதாயிற்று. அவர்க்கும் எழுத்தறியார்க்கும் அக்கணக்கால் விளைந்த பயன் யாது? ஆதலின், வெளியிடுதல் வேறு. எட்டச் செய்தல் வேறு.

கல்வித் துறையில் இவ்வேறுபாடு பெரிதும் கருதத்தக்கது. 1822-இல் சென்னை ஆளுநர் சர் தாமஸ் மன்றோ, மாகாணத்துப் பாடசாலைகளையும் மாணாக்கரையும் சாதிவாரியாகவும் ஆண் பெண் வாரியாகவும் எண்ணியனுப்புமாறு கலெக்டர்களைப் பணித்தார். எலவனாசூர் அந்நாளில் அடங்கியிருந்த தென்னார்க்காட்டினின்றும் கணக்குச் சென்றது. 1826-இல் அவர் வரைந்த குறிப்பின்படி பாடசாலைகள் 12,498. மாணாக்கர் ஏறக்குறைய 1,88,000. அவருட் பெண்கள் 5,000 பேருக்கும் குறைவு. மொத்தத்தை மாத்திரம் நோக்குவார் மகிழ்வர். பகுத்து நோக்குவார்க்கே வாயிலுக்குப் புறத்தே நின்றவர் யாவரென்பது புலனாம். மாவட்டந்தோறும் வந்த அக்கணக்குகளோ, தரம்பால் என்னும் அறிஞர் 1983-இல் நூலாகத் தொகுத்து வெளியிட்ட பின்னரே பலர் பார்வைக்கு வந்தன.

இக்காலத்தில் 'யூடைஸ் பிளஸ்' என்னும் கல்வித் தகவல் முறை வாயிலாக, ஒவ்வொரு பள்ளியின் ஆசிரியர், வகுப்பறை, குடிநீர், கழிப்பிடம் முதலியவற்றை இந்திய அரசு தொகுத்து வெளியிடுகின்றது. நெடுஞ்சாலையோரத்து எலவனாசூர்கோட்டைப் பள்ளியையும், கல்வராயன் மலையில் மலையாளி என்னும் பழங்குடியினரின் பிள்ளைகள் பயிலும் பள்ளியையும் ஒரே மாவட்டச் சராசரியுட் சேர்ப்பின், மலையின் குறை சமவெளியின் நிறைவுள் மறைந்துபோம். பள்ளிவாரியாகப் பிரித்தாலன்றி அது வெளிப்படாது.

குறை வெளிப்பட்டால் கேட்பார் யார்? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், தொடக்க வகுப்புகளிற் பிள்ளைகள் அறுபதின்மர்க்குட்பட்ட பள்ளிக்கும் ஆசிரியர் இருவர் வேண்டுமென விதிக்கின்றது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டுமென்கின்றது. தன் ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் ஒருவரே என்பதையும், சட்டம் இருவரைக் கேட்கிறது என்பதையும் ஒருங்கே அறிந்த தாய், இரங்கி நில்லாள், உரிமையுடன் வினவுவாள்.

ஆகவே பள்ளியின் கணக்கு, எளிய தமிழில் பள்ளிச் சுவரிலேயே எழுதப்படுக. குழுக் கூட்டந்தோறும் எழுத்தறியாரும் கேட்க உரக்கப் படிக்கப்படுக. தனிப் பிள்ளையின் பெயரும் சாதியும் மாத்திரம் மறைவாய்க் காக்கப்படுக. யாருக்கு நீதி வேண்டுமோ அவர் கைக்கு எட்டாத கணக்கு, எத்துணை வெளிப்படையாயினும் மூடிய ஏடே என்பது எம் துணிபு.