பிள்ளைகளின் நாக்கில் இருப்பது பிழையா, வீட்டு மொழியா? மொழியியல் அறிமுகப் பாடம்

நம் ராயபுரத்தில் தமிழ் பேசும் குடும்பங்களும் உர்தூ பேசும் குடும்பங்களும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுகிறோம். ஆனால் பாடம் ஓதும்போது இவ்விரு வீட்டுப் பிள்ளைகளும் தடுமாறும் இடங்கள் வேறு வேறு. தமிழ் வீட்டுப் பிள்ளை மக்தபில் ‘கல்ப்’ என்ற சொல்லில் திட்டு வாங்குகிறது. உர்தூ வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் வலி, வழி, வளி மூன்றையும் ஒன்றுபோல வாசித்துவிட்டுச் சிரிப்புக்கு ஆளாகிறது. கவனமில்லை என்று நாமும் சொல்லிவிடுகிறோம். மொழியியல் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஓர் ஒலியை மாற்றினால் பொருள் மாறுமானால், அந்த மொழியில் அது தனி ஒலியன். செக் நாட்டின் பிராக் நகரில் 1926-இல் தொடங்கிய மொழியியல் வட்டத்தார் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். (தமிழாய்வில் புகழ்பெற்ற கமில் சுவெலபில் பிறந்ததும் அதே பிராக் நகரில்தான்.) தமிழில் ‘கல்’ என்பதில் வரும் ககரம் வேறு, ‘தங்கம்’ என்பதில் வரும் ககரம் வேறு. ஆனால் எந்த ஒலி வரும் என்பதைச் சொல்லில் அது நிற்கும் இடமே முடிவு செய்துவிடுகிறது. அதனால் ஓர் எழுத்தே நமக்குப் போதும். உர்தூவில் அது போதாது. ஒற்றைக்கண்ணன், உணவு, பாட்டு ஆகிய மூன்றுக்கும் அங்கே மூன்று தனிச் சொற்கள். தமிழில் எழுதினாலோ மூன்றும் ‘கானா’தான்! அரபியிலும் நாவின் அடியிலிருந்து வரும் காஃபைக் கொண்டு ‘கல்ப்’ என்றால் இதயம், சற்று முன்னே வரும் காஃபில் சொன்னால் நாய். தமிழ்க் காது இந்த வேறுபாட்டுக்குப் பழகியதில்லை. உர்தூ காது ழகரத்துக்குப் பழகியதில்லை.

ஆகவே மக்ரஜ் சொல்லிக் கொடுக்கும் முன் காதைப் பழக்க வேண்டும். இரு சொற்களை மாற்றி மாற்றிச் சொல்லி, ‘இது எது?’ என்று கேளுங்கள். வலி, வழிக்கும் இதே முறைதான். பிரம்பு காதைத் திறக்காது.

வாக்கிய அமைப்பு இன்னொரு விஷயம். நம் வீடுகளில் பேசும் தக்னியை ‘உடைந்த உர்தூ’ என்று நம்மவர்களே ஏளனம் செய்வது வருத்தமானது. ‘வரேன்னு சொன்னான்’ என்பதை நூல் உர்தூ ‘உஸ்னே கஹா கே...’ என்று தொடங்கும்; சொன்ன செய்தி பின்னால் வரும். தக்னியோ ‘ஆதூம் போல்கே போல்யா’ என்கிறது. ‘போல்கே’ நிற்குமிடம் அச்சாக நம் ‘என்று’ நிற்குமிடம். நூல் உர்தூவில் ‘மைநே ரோட்டி காயீ’. அங்கே வினை ரொட்டியைப் பார்த்து மாறுகிறது. தக்னியில் ‘மைம் ரோட்டி காயா’. தமிழைப் போலவே சாப்பிட்டவரைப் பார்த்து மாறுகிறது. தென்னாட்டு மொழிகளோடு பல நூற்றாண்டு கூடி வாழ்ந்ததில் வந்த ஒழுங்கு இது. 1580 முதல் கோல்கொண்டாவை ஆண்ட முஹம்மது குலி குதுப் ஷா கவிதை எழுதியதும் இந்தத் தக்னியில்தான்.

பரீட்சைத் தாளில் நூல் உர்தூ எழுதட்டும். வீட்டில் நன்னிமாவிடம் தக்னியில் பேசும் பிள்ளையை யாரும் திருத்த வேண்டாம்.