பருவுக்குச் சத்து மாத்திரை கேட்டு வருபவர்கள்

கல்லூரி திறக்கும் மாதங்களில் மருந்துக்கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. "அண்ணே, முகமெல்லாம் பருவா இருக்கு. எந்தச் சத்து கம்மின்னு தெரியல. நல்ல வைட்டமின் மாத்திரை ஒண்ணு கொடுங்க." கேட்பது பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளை. கூட வந்த அம்மா, "ஆயின்மென்ட் எல்லாம் வேண்டாம்ப்பா, சைடு எஃபெக்ட் வரும். சத்து மாத்திரைன்னா கெடுதல் இல்ல" என்பார். கவுண்டருக்குப் பின்னால் நின்ற காலத்தில் நான் அதிகம் எதிர்த்துப் பேச வேண்டியிருந்தது இந்த நம்பிக்கையைத்தான். பரு விஷயத்தில் நிலைமை பெரும்பாலும் தலைகீழ்.

வைட்டமினுக்கும் பருவுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1943-இல் ஸ்ட்ராம்ஃபியோர்டு என்ற அமெரிக்க மருத்துவர் தினமும் 1,00,000 யூனிட் வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்து, பரு குறைந்ததாக எழுதினார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1981-இல் வெளியிட்ட கட்டுரையில் தினசரி அளவு 3,00,000 யூனிட்டில் தொடங்குகிறது. இது எவ்வளவு பெரிய அளவு என்பது நம் ஊர்த் தாய்மார்களுக்குச் சொன்னால் உடனே புரியும். ஒன்பது மாதக் குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசியோடு வாயில் ஊற்றும் வைட்டமின் ஏ 1,00,000 யூனிட். பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2,00,000. கிளிக்மன் தினந்தோறும் விழுங்கக் கொடுத்ததோ, ஆறு மாதத்துக்குப் போதும் என்று குழந்தைக்குக் கொடுக்கிற அளவைவிட அதிகம். ஆரோக்கியமான பெரியவர் தாண்டக் கூடாத எல்லையோ நாளுக்கு 10,000 யூனிட். அதற்கு மேல் மாதக்கணக்கில் போனால் உதடு வெடிக்கும், தோல் உரியும், முடி கொட்டும், தலைவலி வரும், கல்லீரல் கெடும். கேரட்டும் முருங்கைக்கீரையும் சாப்பிடுவதால் இந்த ஆபத்து இல்லை. அவற்றில் இருப்பதை உடல் தனக்குத் தேவையான அளவுக்கே வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். ஆபத்து மாத்திரையில்தான்.

அந்த வைட்டமினின் மூலக்கூறைச் சற்றே மாற்றி எடுத்ததுதான் ஐசோட்ரெடினாயின். 1979-இல் கேரி பெக் குழுவினர் கடுமையான கட்டிப் பரு உள்ள 14 பேருக்கு இதைக் கொடுத்தார்கள். 13 பேருக்கு முகம் முழுவதுமாகத் தெளிந்தது. மருந்தை நிறுத்திய பிறகும் பலருக்குப் பரு திரும்பவில்லை. 1982-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்றும் கடும் பருவுக்கு இதற்கு இணையான மாத்திரை கிடையாது. ஆனால் இது சத்து மாத்திரை அல்ல. மருத்துவர் சீட்டு இல்லாமல் தொடவே கூடாத மருந்து. கர்ப்பத்தில் இருக்கும் சிசுவுக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கும். ஆகவே பெண்கள் சாப்பிடும் காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கக் கூடாது. "ஃப்ரெண்டுக்குக் கேட்டுச்சாம், எனக்கும் அதே அட்டை கொடுங்க" என்று உறையைக் காட்டிக் கேட்கும் பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்லாமல் எந்தக் கடைக்காரரும் அனுப்பக் கூடாது. ஐசோட்ரெடினாயினோடு வைட்டமின் ஏ அடங்கிய மல்டிவைட்டமினையும் சேர்த்துச் சாப்பிட்டால் நச்சு கூடும்.

அடுத்தது துத்தநாகம். இது வைட்டமின் அல்ல, தாது; ஆனால் அதே அலமாரியில்தான் இருக்கும். 1977-இல் சுவீடனின் மிகேல்சன், துத்தநாகம் பருவைக் குறைப்பதாகக் காட்டினார். 2001-இல் 332 பேரை வைத்து நேருக்கு நேர் சோதித்தார்கள்: மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களில் 63 சதவீதம் பேருக்குப் பலன், துத்தநாகம் எடுத்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு. கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். நாளுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டி மாதக்கணக்கில் தொடர்ந்தால் உடலில் தாமிரம் குறைந்து இரத்தசோகை வரும்.

வைட்டமின் பி5 பற்றி ஹாங்காங் மருத்துவர் ஒருவர் 1995-இல் நாளுக்கு 10 கிராம் என்ற கணக்கில் பெரிய நம்பிக்கை ஊட்டினார். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து தராத ஒரு குழு அந்த ஆய்வில் இல்லை. அதனால் அதை நம்பிப் பணம் போட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட நம் ஊருக்கு முக்கியமானது வைட்டமின் பி12. உடம்பு அசதி என்றால் பி12 கலந்த சத்து ஊசி போட்டுக்கொள்வது இங்கே சாதாரணம். சிலருக்கு ஊசி போட்ட சில நாளில் நெற்றியிலும் கன்னத்திலும் ஒரே மாதிரி சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பும். இதற்குக் காரணத்தை 2015-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வாளர்கள் தேடினார்கள். பி12 அதிகமாகும்போது தோலில் வாழும் பரு பாக்டீரியா, தானே பி12 தயாரிப்பதைக் குறைத்துக்கொண்டு, வீக்கத்தைத் தூண்டும் பார்ஃபிரின் என்ற பொருளை அதிகம் உண்டாக்குகிறது. ஊசி போட்டுக்கொண்ட தெளிந்த சருமமுள்ள 10 பேரில் ஒருவருக்கு ஒரே வாரத்தில் பரு வந்தது. பத்துப் பேரை வைத்து நடந்தது சிறிய ஆய்வுதான். ஆனாலும் திடீரென்று பரு கிளம்பியவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "சமீபத்தில் ஏதாவது சத்து ஊசி போட்டீங்களா?" என்பதே. இரத்தப் பரிசோதனையில் உண்மையிலேயே பி12 குறைவு என்றால் ஊசியை நிறுத்தச் சொல்லக் கூடாது. நரம்பு பாதிப்பைவிடப் பரு பெரிதல்ல. பரிசோதனையே இல்லாமல் போடுவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

முடிக்கும் முகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் மாத்திரைகளில் 10 மில்லிகிராம் வரை இருக்கும். ஒரு நாள் தேவை 30 மைக்ரோகிராம்தான். பருவுக்கு இது உதவுவதாகச் சான்று இல்லை. அதைவிட, தைராய்டு பரிசோதனையின் முடிவைப் புரட்டிவிடும். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் அளவைக் குறைத்துக் காட்டிவிடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது பயோட்டின் சாப்பிடுவதை லேபில் சொல்லிவிட வேண்டும்.

பச்சை நிற வைட்டமின் ஈ காப்ஸ்யூலை ஊசியால் குத்தி, இரவில் தழும்பின் மேல் தடவும் பழக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. 1999-இல் அறுவைத் தழும்புகளில் இதைச் சோதித்தார்கள். பெரும்பாலான தழும்புகளில் மாற்றம் இல்லை, அல்லது மோசமாயின. மூன்றில் ஒரு பங்கினருக்கு அரிப்பும் தடிப்பும் வந்தன. எண்ணெய் வழியும் முகத்தில் இன்னும் ஓர் எண்ணெய் எதற்கு? தடவுவதற்கு உருப்படியான வைட்டமின் என்றால் நியாசினமைடு. 4 சதவீத ஜெல், கிளிண்டாமைசின் ஜெல் அளவுக்குப் பலன் தந்ததாக 1995-இல் 76 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது.

வாங்க வருபவர்களிடம் நான் சொல்லி வந்தவை சில. வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், ஜிம்மில் தரும் புரோட்டீன் பவுடர் டப்பாவையும் சேர்த்து ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்; பெயரை மட்டும் சொன்னால் அளவு தெரியாது. பருவுக்குத் தடவும் அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு களிம்புகளுக்குக் குறைந்தது மூன்று மாத அவகாசம் கொடுங்கள். முதல் சில வாரங்களில் சற்று எரிவதையும் உரிவதையும் பார்த்துப் பாதியில் விடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் தரும் ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகுக் கிரீமைத் தொடாதீர்கள். அது தற்காலிகமாகப் பளபளக்கவைத்து, நிறுத்தியதும் பருவை இரட்டிப்பாக்கும். மருத்துவர் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதியிருந்தால், இரும்பு, துத்தநாகம், கால்சியம் கலந்த சத்து மாத்திரையை அதோடு சேர்த்துப் போடாதீர்கள். குடலிலேயே இவை ஒட்டிக்கொண்டு ஆன்டிபயாட்டிக் இரத்தத்தில் ஏறாமல் போகும். இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விட்டுப் போடுங்கள். டாக்ஸிசைக்ளின் போட்டதும் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து, உடனே படுக்காமல் இருங்கள்.